விளக்குப் போட முதல் தறப்பாளைச் சுருட்டுங்கள்

கேள்வி: டொக்டர் ஐயா, நாங்கள் திருகோணமலை நிலாவெளியில் இருக்கிறோம். ஆவணி நடுவில் ஒரு மாதக் குஞ்சுகளாக ஆறு மண்ணிறக் கோழி வாங்கினோம். பக்கத்து வீட்டு ராத்தாவும் அதே வயதில் இரண்டு ஊர்க்கோழிக் குஞ்சு தந்தா. இப்போது மார்கழி பாதி போய்விட்டது. மண்ணிறக் கோழியில் இரண்டு மட்டும் போன கிழமை முட்டை போடத் தொடங்கியிருக்கின்றன. முட்டை சின்னன். ஒன்றின் ஓட்டில் இரத்தக் கோடு இருந்தது. இன்னொன்று ஓடே இல்லாமல் தோலாக வந்தது. மற்றவை ஒன்றும் போடவில்லை. மழைக்கும் வாடைக்கும் பயந்து கூட்டை நாலு பக்கமும் தறப்பாளால் மூடிக் கட்டியிருக்கிறோம். மழை விட்ட பிறகு எட்டரை, ஒன்பது மணிக்குத்தான் திறந்துவிடுவேன். பின்னேரம் ஐந்து மணிக்கு அடைத்துவிடுவேன். வளரும் கோழிக்கான குரோவர் தீன் முடிந்துவிட்டது. இப்போது குருணலும் சோறும்தான். அவர் கடலால் வந்தால் மீன் கழிவும் போடுவேன். மாரி முடியாமல் கோழி முட்டை போடாது என்கிறா மாமி. கொழுந்தன் யூடியூப்பில் பார்த்துவிட்டு, இரவிரவாகக் கூட்டில் பல்பு எரிய வேண்டும் என்கிறார். எங்கட அவரோ வருசப் பிறப்புக்கு நாலைக் கறியாக்குவோம் என்கிறார். நான் யார் சொல்வதைக் கேட்க? அந்தச் சின்ன முட்டைகளைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

பதில்:

அன்பின் சகோதரிக்கு,

முதலில் உங்கள் அவரிடம் கத்தியை உள்ளே வைக்கச் சொல்லுங்கள். ஆவணி நடுவில் ஒரு மாதக் குஞ்சு என்றால் ஆடி நடுவில் பொரித்தவை. இன்றைக்கு 22 கிழமை வயது. எல்லாம் அளந்து கொடுக்கிற பண்ணையில் இந்த மண்ணிற இனங்கள் 18 முதல் 20 கிழமைக்குள் முதல் முட்டையைப் போட்டுவிடும். வீட்டு முற்றத்தில் அது 22, 24 என்று இழுபடுவது வழக்கம்தான். ஆறில் இரண்டு தொடங்கிவிட்டதென்றால் மற்ற நாலும் பின்னால் வரிசையில் நிற்கின்றன. ஐந்து மாதம் தீன் போட்டு வளர்த்ததை இப்போது கறிச்சட்டியில் போடுவது, கதிர் முற்றி நிற்கிற வயலுக்குள் மாட்டை அவிழ்த்துவிடுகிற வேலை.

இனி மாமிக்கும் கொழுந்தனுக்கும் நடுவில் இருக்கிற வழக்கு. இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி இருக்கிறது. மாரியில் முட்டை குறைவது நம் ஊரில் எல்லோரும் கண்டதுதான். கோழிக்கு வெளிச்சம் வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் மாரி எப்படி முட்டையைக் குறைக்கிறது என்று மாமி பார்க்கவில்லை. அந்த வெளிச்சம் எங்கே போனது என்று கொழுந்தன் பார்க்கவில்லை.

பேட்டுக்கோழியின் உடல் முட்டைக்குத் தயாராவது பகலின் நீளத்தை வைத்து. வெளிச்சம் அதன் கண்ணால் மட்டுமல்ல, மண்டையோட்டின் ஊடாகவும் மூளைக்குள் போகிறது. அங்கே வெளிச்சத்தை உணருகிற கலங்கள் இருக்கின்றன. 1930களில் பிரான்சில் ஜாக் பெனுவா என்ற ஆய்வாளர் வாத்துகளில் இதைக் காட்டினார். பார்வை இல்லாத வாத்துகளிலும் வெளிச்ச நேரம் கூடியபோது இனப்பெருக்க உறுப்புகள் வளர்ந்தன. கோழியிலும் அதே கதைதான். பகல் நீண்டால் மூளை ஓமோன்களை அனுப்பும், சூலகத்தில் கருக்கள் ஒன்றன்பின் ஒன்றாக முதிரும். பகல் சுருங்கினால் உடல் பொறுத்திருக்கும்.

யூடியூப்பில் பல்பு போடச் சொல்கிறவர்கள் இருக்கிற ஊர்களில் இது பெரிய பிரச்சினை. இலண்டனில் மார்கழி (டிசெம்பர்) 21ஆம் திகதி பகல் 8 மணித்தியாலம்கூட இல்லை. அங்கே பல்பு இல்லாமல் முட்டையை எதிர்பார்க்க முடியாது. நாம் இருப்பதோ வட அகலக்கோடு எட்டரைப் பாகையில். திருகோணமலையில் வருடத்தின் மிகக் குறுகிய பகலே சுமார் 11 மணி 40 நிமிடம். மிக நீண்டது சுமார் 12 மணி 40 நிமிடம். இடையில் இருப்பது ஒரேயொரு மணித்தியாலம். ஆடியிலிருந்து மார்கழி வரை பகல் மெல்லச் சுருங்குகிற காலத்தில் வளர்ந்த குஞ்சுகள் என்பதால் உங்கள் கோழிகள் கொஞ்சம் பிந்தலாம், அவ்வளவுதான். மார்கழி 22க்குப் பிறகு பகல் திரும்பவும் நீளத் தொடங்கிவிடும்.

சூரியன் எடுத்தது இவ்வளவுதான் என்றால் மிச்சத்தை எடுத்தது யார்? உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. நாலு பக்கமும் தறப்பாள், திறப்பது எட்டரைக்கு, அடைப்பது ஐந்துக்கு. மழை விடாத நாளில் இன்னும் பிந்தும். உங்கள் கோழிகளுக்குக் கிடைக்கிற பகல் எட்டு, எட்டரை மணித்தியாலம். நிலாவெளியில் இருந்துகொண்டே அவை இலண்டன் மார்கழியைக் கழிக்கின்றன. (மாமியிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள். தறப்பாள் கட்டச் சொன்னது அவவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.)

ஆகவே முதல் வேலை தறப்பாளைச் சுருட்டுவது. முழுவதையும் அல்ல. மாரியில் நமக்குக் காற்று வருவது வடகிழக்கிலிருந்து. வடக்கு, கிழக்குப் பக்கங்களில் தறப்பாள் இருக்கட்டும். ஆனால் கூரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டுங்கள். தெற்கு, மேற்குப் பக்கங்களில் கம்பிவலை மட்டும் போதும். சாரல் அடித்தால் அந்தப் பக்கக் கூரையை இரண்டு, மூன்று அடி நீட்டி இறக்குங்கள். பழைய தகரமோ கிடுகோ எது கிடைத்தாலும் சரி. கூரையில் ஒரு தகட்டை மட்டும் எடுத்துவிட்டு வெளிச்சம் விடுகிற பிளாஸ்ரிக் தகடு போட முடிந்தால் இன்னும் நல்லது. கூட்டுக்குள் குனிந்து, கோழி நிற்கிற உயரத்தில் பத்திரிகையை விரித்துப் பாருங்கள். பகலில் எழுத்து வாசிக்க முடிந்தால் கோழிக்கும் அந்த வெளிச்சம் போதும். மழை பெய்தாலும் விடிந்தவுடன் அவை அந்த வெளிச்சத்தில் இறங்கித் தின்னலாம், குடிக்கலாம். முற்றத்தில் விடுவது மழை விட்ட பிறகு நடக்கட்டும்.

அத்தோடு கூரைத் தகடுகளை நன்றாக இழுத்துக் கட்டுங்கள். 2020 மார்கழி 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரை கடந்தபோது நிலாவெளிக்காரருக்குக் காற்று என்றால் என்னவென்று தெரிந்ததுதானே. அந்தளவு காற்று வராவிட்டாலும், இரவில் தகரம் படபடவென்று அடித்தால் வெருண்ட கோழி சில நாளைக்கு முட்டையை நிறுத்திவிடும்.

குளிரும் என்று பயப்படாதீர்கள். நமது மார்கழி இரவு கோழிக்குக் குளிரே அல்ல. இங்கே வெப்பநிலை 23, 24 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. முட்டைக்கோழி ஆகச் சுகமாக இருப்பதே 18 முதல் 24 பாகை வரையில்தான். கோழிக்கு உண்மையில் கஷ்டமான காலம் ஆனி, ஆடி. கச்சான் காற்றுச் சுட்டெரிக்கிற அந்த மாதங்களில் வாயைத் திறந்து இளைத்துக்கொண்டு நிற்கும். தீன் தின்னாது. அப்படி இளைக்கும்போது இரத்தத்தில் காபனீரொட்சைட்டுக் குறைந்து ஓட்டுக்குத் தேவையான காபனேற்றும் குறையும்; ஓடு மெலியும். அந்த வகையில் மாரிதான் நம் ஊரில் இளங்கோழி முட்டையைத் தொடங்க நல்ல காலம். இளங்கோழிக்கு முதல் வருட மாரியில் பெரும்பாலும் இறகுதிர்வும் வராது. முதிர்ந்த கோழிகள் இறகு கொட்டிவிட்டு முட்டையில்லாமல் நிற்கிற நேரத்தில் இவை போட்டுக்கொண்டிருக்கும். மாமி கண்டது அந்த முதிர்ந்த கோழிகளையாக இருக்கலாம்.

பல்பு விஷயத்தில் என் அபிப்பிராயம்: எட்டுக் கோழிக்கு வேண்டாம். வணிகப் பண்ணைகளில் வெளிச்ச நேரத்தை 16 மணித்தியாலம் வரை நீட்டுவார்கள். அங்கே ஒவ்வொரு முட்டையும் கணக்கு. வீட்டில் 12 மணித்தியாலத்துக்குக் கிட்டவான பகலில் நல்ல தீனோடு கோழி தாராளமாகப் போடும். கொழுந்தன் விடமாட்டார் என்றால், சின்ன மஞ்சள் எல்.ஈ.டி பல்பு ஒன்றை விடிய நாலரை மணிக்குப் போட்டு விடிந்ததும் அணைக்கட்டும். பின்னேரத்தில் போட்டால், திடீரென்று அணைக்கும்போது கோழிகள் கட்டையில் ஏற முடியாமல் இருட்டில் தடுமாறும். ஒருநாள் போட்டு மறுநாள் மறந்துவிடுகிற ஆள் என்றால் தொடங்கவே கூடாது. இரவிரவாக எரியவிடுவது அறவே கூடாது. இருட்டும் நித்திரையும் இல்லாத கோழி ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும். அதுவும் புதிதாக முட்டை போட்ட கோழியின் சிவந்த பின்புறத்தை. எல்லாவற்றையும் விட, மழைக்குள்ளால் வயரை இழுத்து ஈரக் கூட்டில் பல்பு தொங்கவிடுவது முட்டைக்காக உயிரைப் பணயம் வைக்கிற வேலை. ஒழுங்கான குழாய்க்குள் வயர் போகாவிட்டால் அந்தக் கதையை விட்டுவிடுங்கள்.

சரி, வெளிச்சம் முடிந்தது. உங்கள் கடிதத்தில் எனக்கு அதைவிடக் கவலை தந்தது தீன்.

முட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கல்சியம் இருக்கிறது. ஒரு கோழி தன் உடம்பிலிருந்து இரண்டு கிராமை ஒரு இரவில் எடுத்துக் கொட்டுகிறது. குருணலிலும் சோற்றிலும் கல்சியம் இல்லை என்றே சொல்லலாம். முதல் முட்டைக்கு இரண்டு கிழமைக்கு முன்பே கோழி தன் கால் எலும்புகளுக்குள் கல்சியத்தைச் சேமிக்கத் தொடங்கும். அந்த நேரம் பார்த்து உங்கள் குரோவர் தீன் முடிந்துவிட்டது. சேமிக்க ஒன்றும் இல்லை. தோல்முட்டை வந்ததில் ஆச்சரியம் என்ன? இப்படியே போனால் அது எலும்பிலிருந்து எடுக்கும். பிறகு கால் தளர்ந்து படுத்துவிடும்.

இன்றைக்கே லேயர் தீன், அதாவது முட்டை போடுகிற கோழிக்கான தீன், வாங்குங்கள். அதில் புரதம் 16 முதல் 18 வீதம், கல்சியம் மூன்றரை முதல் 4 வீதம் இருக்கும். குரோவரில் கல்சியம் ஒரு வீதம் அளவுதான். (அதனால்தான் சின்னக் குஞ்சுகளுக்கு லேயர் தீன் கொடுக்கக்கூடாது, அந்தக் கல்சியம் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். உங்கள் எட்டும் அந்த வயதைத் தாண்டிவிட்டன, ஊர்க்கோழிகள் உட்பட.) மண்ணிறக் கோழி ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 110 முதல் 120 கிராம் வேண்டும். ஊர்க்கோழி அதைவிடக் குறைவாகத் தின்னும். எட்டுக்கும் சேர்த்து ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைய என்று வைத்துக்கொள்ளுங்கள். சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை, பின்னேரத்தில் ஒரு கைபிடி போதும். வயிறு முட்டச் சோறு தின்ற கோழி தீன்பாத்திரத்துக்குப் போகாது. முருங்கை இலையும் கங்குனும் தாராளமாகப் போடலாம். மஞ்சட்கரு நல்ல நிறமாக வரும்.

தீனை மொத்தமாக வாங்காதீர்கள். மாரியில் ஈரம் பட்டு மூட்டை கட்டிபிடிக்கும், பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த தீன் ஈரலைத் தின்றுவிடும்; மணந்து பார்த்துச் சந்தேகம் வந்தால் கோழிக்குப் போடாமல் வீசுங்கள். இரண்டு, மூன்று கிழமைக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, மூடியுள்ள வாளியில், நிலத்தில் படாமல் பலகைக்கு மேல் வையுங்கள்.

கல்சியத்துக்கு இன்னொரு வழி உங்கள் வாசலில் கிடக்கிறது. நிலாவெளிக் கரையில் ஒதுங்குகிற மட்டிச் சிப்பி, வெறும் ஓடுகள், ஒரு வாளி பொறுக்கி வாருங்கள். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் கழுவி உப்பை எடுங்கள். வெயில் இல்லாத நாளில் அடுப்புச் சூட்டில் காயவைத்து உரலில் இடியுங்கள். மாவாக்கிவிடாதீர்கள். அரை மிளகு அளவுத் துண்டுகளாக இருக்க வேண்டும். ஓடு உருவாவது பெரும்பாலும் இரவில், கோழி நித்திரையாக இருக்கும்போது. தூள் அதற்குள் குடலால் போய்விடும். துண்டுகள் இரைப்பையில் தங்கி இரவு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ஆகவே பின்னேரம் தனிச் சிரட்டையில் வையுங்கள். தீனோடு கலக்க வேண்டாம். எந்தக் கோழிக்கு வேண்டுமோ அது கணக்காக எடுத்துக்கொள்ளும், கோழி இந்த விஷயத்தில் கெட்டிக்காரி. புறாத்தீவுக்குப் போய் அள்ளி வந்துவிடாதீர்கள். அது 2003 முதல் தேசியப் பூங்கா. முருகைக்கல்லையும் உடைக்க வேண்டாம். கரையில் சும்மா ஒதுங்குவதே உங்கள் எட்டுக் கோழிக்கு அதிகம்.

மீன் கழிவு நல்ல புரதம்தான், ஆனால் பச்சையாகப் போடுவதை நிறுத்துங்கள். அவித்து, முள் நீக்கி, கிழமையில் இரண்டு தரம், சிறிதளவு. கூடிப்போனால் முட்டை மணக்கும். பிள்ளை வாயில் வைக்காது. கருவாட்டுத் தலை வேண்டவே வேண்டாம், கோழிக்கு அந்த உப்புத் தாங்காது. முக்கியமாக, முற்றத்தில் கிடந்து அழுகிய மீனையும் அதில் நெளிகிற புழுவையும் தின்ன விடாதீர்கள். அந்த நஞ்சு ஏறினால் கழுத்துத் தொய்ந்து, தலையைத் தூக்க முடியாமல் படுத்துவிடும், காப்பாற்றுவது கஷ்டம்.

தண்ணீரைப் பற்றி ஒரு வரி. முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர். மழைதானே, எங்கும் தண்ணீர் நிற்கிறதே என்று பாத்திரத்தைக் கவனியாமல் விடுவது நம் பழக்கம். குட்டைத் தண்ணீர் வயிற்றுக் கழிச்சலைத்தான் தரும்.

கூட்டின் அடியையும் பாருங்கள். மாரியில் என்னிடம் வருகிற முறைப்பாடுகளில் பாதி ஈரத்திலிருந்து தொடங்குகிறது. உமி மூன்று, நாலு அங்குலத்துக்குப் போட்டு, இரண்டு நாளைக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் உருண்டையாக நிற்கக்கூடாது, உதிர வேண்டும். குனியும்போது கண் எரிந்தால் காற்றுப் போதாது என்று அர்த்தம். நாலு பக்கமும் தறப்பாள் கட்டிய கூட்டில் அது எரியாமல் இருந்தால்தான் அதிசயம். ஈர அடியில் இரத்தக்கழிச்சல் வரும், குடற்புழு பெருகும். எச்சத்தில் இரத்தமோ புழுவோ கண்டால் கடையில் கேட்டு மருந்து வாங்காமல் மிருக வைத்தியரிடம் காட்டிக் கொடுங்கள். சில மருந்துகளைக் கொடுத்த பிறகு குறிப்பிட்ட நாட்களுக்கு முட்டையைச் சாப்பிடக்கூடாது. அதைச் சொல்லித் தருவது அவர்தான்.

இனி அந்த வினோத முட்டைகள். முட்டை உருவாக 24 முதல் 26 மணித்தியாலம் எடுக்கும். அதில் 20 மணித்தியாலம் அளவு ஓடு போடுகிற இடத்திலேயே கழியும். புதிதாகத் தொடங்கிய கோழியில் இந்த ஒழுங்கு படிய இரண்டு, மூன்று கிழமை செல்லும். அதுவரை ஓடில்லாமல் வரும், மஞ்சட்கரு இல்லாமல் வரும், இரண்டு கருவோடும் வரும். ஓட்டின் வெளியில் இரத்தக் கோடு என்றால் முதல் முதலாக வழி விரிந்ததில் சிறு இரத்தக்குழாய் கீறியிருக்கிறது, தானாக ஆறிவிடும். தொடர்ந்து வந்தாலோ இரத்தம் சொட்டினாலோ மட்டும் கவனியுங்கள். முட்டை சின்னதாக இருப்பதும் சரிதான். 45 கிராம் அளவில் தொடங்கி, 30 கிழமை வயதளவில் 60 கிராமுக்கு வந்துவிடும். ஒரு முட்டைக்கு ஒரு நாளை விடக் கொஞ்சம் கூட நேரம் எடுப்பதால் போடுகிற நேரம் ஒவ்வொரு நாளும் பிந்திப் பிந்திப் போய், ஒருநாள் போடாமலே விடும். அதைப் பார்த்து முட்டை குறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

பிள்ளைக்குத் தாராளமாகக் கொடுங்கள், நன்றாக அவித்து. கன்னி முட்டையைச் சாப்பிடக்கூடாது என்று யாராவது சொன்னால் அதற்கு வைத்தியத்தில் ஒரு காரணமும் இல்லை. அரை அவியலும் பச்சை முட்டையும் மட்டும் சின்னப் பிள்ளைக்கு வேண்டாம். ஓடில்லாத தோல்முட்டை கிருமிக்குத் திறந்த வீடு. அதைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். கோழிகளுக்கும் பச்சையாகப் போட்டுவிடாதீர்கள், ஒருமுறை ருசி கண்ட கோழி பிறகு எல்லா முட்டையையும் உடைத்துக் குடிக்கும்.

மற்ற நாலும் எப்போது போடும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். தலையில் உள்ள பூ சிவந்து பெருத்திருக்கிறதா? கையை முதுகுக்கு மேல் கொண்டுபோனால் ஓடாமல் இறக்கையை விரித்துப் பதுங்குகிறதா? மூலை மூலையாகப் போய்க் கேறித் திரிகிறதா? இரவில் கட்டையில் இருக்கும்போது தூக்கி, எச்சம் போகிற துவாரத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் கூராக நிற்கிற எலும்புகளைத் தொட்டுப் பாருங்கள். இடையில் ஒரு விரல்தான் போகிறதென்றால் இன்னும் நாள் இருக்கிறது. இரண்டு விரல் போனால் கிட்ட வந்துவிட்டது. மூன்று விரல் தாராளமாகப் போய், வயிறும் மெத்தென்று இருந்தால் அந்தக் கோழி ஏற்கெனவே எங்கோ போட்டுக்கொண்டிருக்கிறது.

எங்கோ என்றுதான் சொல்கிறேன். முற்றத்தில் திரிகிற கோழிகள் மாரியில் காய்ந்த இடம் தேடும். விறகு அடுக்குக்குப் பின்னால், கவிழ்த்து வைத்த வள்ளத்துக்குக் கீழே, வலை குவித்த மூலையில் ஒருதரம் தேடிப் பாருங்கள். நீங்கள் தேடாவிட்டால் உடும்பும் கீரியும் சாரையும் தேடும். கூட்டுக்குள் ஓர் அடி நீள, அகல, உயரத்தில் இரண்டு பெட்டி வையுங்கள். எட்டுக் கோழிக்கு அது போதும். கட்டையை விடத் தாழ்வாக, கொஞ்சம் மறைவான மூலையில், உலர்ந்த வைக்கோல் போட்டு. பெட்டிக்குள் அந்த மங்கல் இருக்கலாம், கூட்டுக்குத்தான் வெளிச்சம். பெட்டிக்கொரு மேசைப்பந்தாட்டப் பந்தைப் போட்டுவிடுங்கள், முட்டை கிடக்கிறது என்று நம்பி வந்து இருக்கும். ஒரு கிழமைக்கு மட்டும் காலை பத்து மணி வரை கூட்டை விட்டு வெளியே விடாமல் வைத்திருந்தால் பெட்டி பழகிவிடும். தறப்பாளைச் சுருட்டிய பிறகுதான் இது, இருட்டில் அடைத்து வைத்து அல்ல.

ராத்தாவின் இரண்டு ஊர்க்கோழியையும் மண்ணிறத்தோடு ஒப்பிடாதீர்கள். அவை ஆறு, ஏழு மாதத்தில்தான் தொடங்கும். தையோ மாசியோ ஆகும். பத்துப் பதினைந்து முட்டை போட்டுவிட்டு அடை கிடக்கும். மண்ணிறக் கோழிக்கு அடை கிடக்கிற குணம் கிட்டத்தட்ட இல்லை. உங்களிடம் சேவல் இல்லாததால் ஊர்க்கோழி அடை கிடக்கும் நேரம் ராத்தா வீட்டிலிருந்து கருக்கட்டிய முட்டை பத்து வாங்கி வைத்தால் 21 நாளில் குஞ்சு பொரிக்கும். மாசியில் மழையும் குறைந்துவிடும், குஞ்சு வளர்க்க அதைவிட நல்ல காலம் இல்லை.

வாலைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி, முக்கி முக்கி நிற்கிற கோழியைக் கண்டால் முட்டை தடக்கியிருக்கலாம். இளஞ்சூட்டுத் தண்ணீரில் வயிறு நனைய கால் மணித்தியாலம் இருத்தி, பிறகு துடைத்து, மங்கலான அமைதியான இடத்தில் விடுங்கள். விரலை விட்டு எடுக்கப் பார்க்காதீர்கள், உள்ளே உடைந்தால் கோழி தப்பாது. அன்றைக்கே வராவிட்டால் வைத்தியரிடம் கொண்டு போங்கள். பின்புறம் வெளியே தள்ளியிருந்தால் உடனே தனியாக்குங்கள், மற்றவை கொத்திக் கொன்றுவிடும். இரண்டு மூன்று கோழி ஒன்றாகச் சோர்ந்து, பச்சையாகக் கழிந்து, கழுத்துத் திருகினால் அது ராணிக்கெட் என்கிற வைரஸ் தொற்றுநோயாக இருக்கலாம். ஒன்றையும் விற்காமல், இடம் மாற்றாமல் உங்கள் பிரதேச அரச மிருக வைத்திய அலுவலகத்துக்கு உடனே அறிவியுங்கள். குஞ்சு வாங்கின இடத்தில் எந்தத் தடுப்பூசி போட்டார்கள் என்று கேட்டு, மிச்சத்தை அந்த வைத்திய அலுவலகத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். மழை விட்டதும் நுளம்பு பெருகும், அதோடு கோழி அம்மையும் வரும் என்பதால் அந்த ஊசியையும் விசாரியுங்கள்.

லேயர் தீனும் சிப்பியும் தொடங்கி மூன்று கிழமைக்குப் பிறகும் ஓடு மெல்லிசாகவே வந்தால், இரண்டு முட்டையையும் ஒரு சிறு பையில் எச்சத்தையும் எடுத்துக்கொண்டு அதே அலுவலகத்துக்குப் போங்கள். காலையில் போவது நல்லது. பத்து மணிக்குப் பிறகு அவர்கள் பெரும்பாலும் களத்துக்குக் கிளம்பிவிடுவார்கள்.